உப்பளத்து விலக்கில் வெள்ளைச் சேலை

அத்தியாயம் 11

போன வாரம் ஜெனிலாவை அழவும் விடாமல், எழுந்து வீட்டுக்குப் போகவும் விடாமல் கட்டுப்பாட்டு அறை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு வந்தோம். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகும் வண்டிகளைக் கேமரா படம் பிடிக்கிறது அல்லவா? அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, குற்றம்தானா என்று பொத்தானை அழுத்துவது ஜெனிலாவின் வேலை. மெஷினுக்கு என்ன புத்தியா இருக்கிறது? ஆம்புலன்சுக்கு வழிவிட்டு ஒதுங்கியவனையும் பிடித்துக் கொடுக்கும். அதற்குத்தான் ஒரு மனுஷக் கண் வேண்டும் என்று சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். இதுவரை ஊருக்குள் சில சிக்னல்களில் மட்டும் இருந்த கேமரா இப்போது நாலா பக்கமும் வருகிறது. முத்தையாபுரம் தாண்டி, துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கிளைப்பாதை பிரிகிற உப்பளத்து விலக்கிலும் வைத்துவிட்டார்கள். வெள்ளோட்டம் நடக்கிறது. திங்கட்கிழமை முதல் அபராதம்.

அந்த விலக்கில்தான் போன வருஷம் அவள் தம்பி ஸ்டெபின் செத்துப்போனான்.

சிவப்பு விழுந்ததும் ஒழுங்காகக் கோட்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்தியிருக்கிறான் பிள்ளை. பின்னால் உப்பு ஏற்றி வந்த டிப்பர் லாரி நிற்கவில்லை. "அங்கன யாருமே நிக்க மாட்டாவ சார். இவன் நிப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று டிரைவர் ஸ்டேஷனில் கேட்டானாம். அந்தக் கேள்வி ஜெனிலாவின் அப்பா நேசக்குமார் வாத்தியார் வீட்டில் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். இன்று வெள்ளிக்கிழமை.

"ஜெனிலா, இந்த உப்பளத்து விலக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

பக்கத்து நாற்காலி செல்வின்தான் கேட்டான். நாள் முழுக்க வாய் ஓயாத பிறவி. ஆனால் இன்று குரலில் விளையாட்டு இல்லை.

"எப்படி இருக்கு?"

"மத்த இடத்துல கேமராவப் பாத்ததும் சனம் அடங்குது. திட்டிக்கிட்டாவது நிக்கான். இங்கன மட்டும் சாயந்திரமானா ஒருத்தன் நிக்க மாட்டேங்கான். பகல்ல நிக்கான் பாத்துக்க. பொழுது சாயதுல இருந்து இருட்டுத வரைக்கும்தான் இந்தக் கூத்து."

ஜெனிலா அந்த விலக்கின் படங்களை இதுவரை செல்வின் தலையிலேயே கட்டியிருந்தாள். தம்பி விழுந்த தார்ச்சாலையைத் தினமும் பெரிதாக்கிப் பார்க்க எந்த அக்காவுக்கு மனசு வரும்? இன்று முதல்தடவையாக எட்டிப் பார்த்தாள்.

எல்லாப் படத்திலும் ஓரமாக ஒரு பெண் நின்றாள். கேமராக் கம்பத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேலையில். முதுகு மட்டும் தெரிந்தது.

"இது யாரு?"

"ஊழியக்காரம்மா. ஒரு மாசமா நிக்காவ."

இதில் செல்வினைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைச் சேலை கட்டிய அம்மாமார் சிக்னலில் நின்று பைபிள் வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுப்பது இந்தப் பக்கத்தில் புதிதா என்ன? சபையில் பெண்கள் ஐக்கியம் என்று ஒன்று இருந்தால், கைப்பிரதி ஊழியமும் இருக்கும். சிவப்பு விளக்கில் நிற்பவன் ஓடிப்போகவும் முடியாது, கதவைச் சாத்தவும் முடியாது. இதைவிட வசதியான சபை எங்கே கிடைக்கும்? அதனால் அந்த அறையில் இருந்த ஒருவரும் அவளை ஒரு ஆளாகவே எண்ணவில்லை. விளக்குப் போஸ்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

ஜெனிலாவும் அப்படித்தான் போயிருப்பாள். ஆனால் அந்தப் பெண்ணின் தோளில் பை இல்லை. கையில் தாள் இல்லை.

"கைப்பிரதி எங்க செல்வின்?"

"என்னது?"

"ஊழியத்துக்கு வந்தவங்க கையில ஒரு தாளு கூட இல்ல, பாரு."

செல்வின் நாற்காலியை நெருக்கிப் போட்டான். தொண்டையைச் செருமினான். "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். முத்தையாபுரத்துப் பயலுவ வேற மாதிரி பேசுதானுவ. சிவப்பு விழுந்து வண்டிய நிறுத்துனா, வெள்ளச் சேல கட்டுன ஒரு பொம்பள காதுகிட்ட வந்து 'பின்னால வாரான்'னு சொல்லுதாளாம். கேட்டவன் எவனும் திரும்பிப் பாக்கது இல்லியாம். அப்படியே வண்டிய முறுக்கிட்டுப் போயிருதானுவ."

"பேயின்னு சொல்லுதாங்களா?"

"நம்ம ஆளுக பேய நம்பலாமா? நானும் நம்பல." செல்வின் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அந்தப் பக்கம் பெட்ரோல் போடவும் போக மாட்டேன்."

வேறு நேரமாக இருந்தால் ஜெனிலா சிரித்திருப்பாள். இத்தனை நாளும் அங்கே இருந்த கேமரா, வண்டிகளின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தது. எதிர்த் திசையிலிருந்து முகத்தைப் பார்க்கும் கேமராவை நேற்றுத்தான் மாட்டியிருந்தார்கள். அந்தக் கேமரா நேற்றுச் சாயந்திரம் எடுத்ததைத் திறந்தாள்.

பைக்காரன் ஒருவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான். ரகசியம் கேட்கிறவனைப்போல. அவன் காதருகே குனிந்திருந்த முகத்தை ஜெனிலா பெரிதாக்கினாள்.

அம்மா.

கிரேசிதான். சந்தேகமே இல்லை. திருவிருந்து ஞாயிறுகளில் கோவிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை. அதைவிட ஜெனிலாவைத் தாக்கியது அந்த முகத்தில் இருந்த சிரிப்பு. ஸ்டெபினை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்த முகம் வீட்டில் ஒருதடவையும் சிரித்ததில்லை. இங்கே, முன்பின் தெரியாத ஒருவனைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை வழியனுப்புகிற அம்மாவாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த படம். அதே சிரிப்பு. அடுத்ததிலும் அதேதான்.

"யாருன்னு தெரியுதா?" என்று செல்வின் எட்டிப் பார்ப்பதற்குள் ஜெனிலா படத்தை மூடிவிட்டாள்.

"தெளிவா இல்ல" என்றாள்.

சொல்லி வைத்ததுபோல் மேசைப் போன் அடித்தது. செல்வின் எடுத்தான். போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி. அவர் பேசியது ஜெனிலாவுக்கும் கேட்டது. நாளைக்கு அதிகாரிகள் விலக்கைப் பார்க்க வருகிறார்கள். அந்தப் பொம்பளை யாராக இருந்தாலும் சரி, இன்றைக்குச் சாயந்திரம் ரோந்து ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும். புத்தி சரியில்லாதவள் என்றால் ஆஸ்பத்திரி, சரியாக இருந்தால் கேஸ்.

ஜெனிலா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜீப் போவதற்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

படிக்கட்டில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா எங்கப்பா?"

"பெண்கள் ஐக்கியத்துக்குப் போயிருக்கா. இப்பதான் பஸ் ஏறுனா."

"இந்த மாசம் ஐக்கியம் இல்லப்பா. நம்ம சபைப் போதகர் வீட்டு ஐயரம்மா மக பிரசவத்துக்குப் போயிருக்காங்க."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. நேசக்குமார் சாத்தான்குளத்தில் காலமெல்லாம் டிரில் வாத்தியாராக இருந்தவர். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்கிற மனுஷன்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க போறான்னு தெரியாது மக்கா. ஐக்கியத்துக்கு இல்லன்னு தெரியும்." அவர் குரல் இறங்கியது. "போயிட்டு வந்தா ஒழுங்கா சாப்பிடுதா. ராத்திரி தூங்குதா. அதான் கேக்கல."

பாவி மனுஷா என்று கத்த வேண்டும்போல் இருந்தது ஜெனிலாவுக்கு. கத்தவில்லை. விஷயத்தைச் சொன்னாள். "நீ போ. நான் ஸ்கூட்டர எடுத்துட்டு வாரேன்" என்றார்.

உப்பளத்து விலக்கை நீங்கள் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதில் செவ்வானம், கரையோரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். கண்ணுக்கெட்டிய தூரம் வீடு கிடையாது. பகலெல்லாம் ஆளைத் தள்ளுகிற கடல்காற்று அந்த நேரத்துக்கு ஏனோ நின்றுபோகும். அந்த வெட்டவெளியில் ஒற்றைச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜெனிலா வண்டியை ஓரம் கட்டினாள். அம்மா கம்பத்தடியில் நின்றிருந்தாள்.

ஒரு பைக் வேகத்தைக் குறைத்தது. அம்மா இரண்டு எட்டு முன்னால் வந்து குனிந்தாள். "நிக்காத மக்கா. பின்னால வாரான்." அவ்வளவுதான். அவன் தலையை ஆட்டினான், போய்விட்டான். அடுத்தவன் வந்தான். அவனுக்கும் அதே வார்த்தை, அதே சிரிப்பு. மேலே கேமரா ஒவ்வொரு தடவையும் பளிச் பளிச்சென்று வெட்டியது.

"அம்மா!"

கிரேசி திரும்பினாள். மகளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. எதிர்பார்த்தவள்போல் இருந்தாள்.

"வந்துட்டியாளா? அந்தப் பக்கம் போய் நில்லு. அங்கன வாரதுகளுக்கு நீ சொல்லு. எனக்கு ரெண்டு பக்கமும் ஓட முடியல."

"வீட்டுக்கு வாம்மா. போலீஸ் ஜீப் வருது."

"வரட்டும். ஜீப்பும் இங்கன நிக்கக்கூடாது. அவங்களுக்கும் சொல்லணும்."

"நிக்காம போனா குறுக்க வாரவன் அடிச்சிருவாம்மா! அதுக்குத்தானே சிக்னலு வச்சிருக்கு?"

கிரேசி மகளின் கன்னத்தைத் தடவினாள். கை ஐஸ்கட்டியாக இருந்தது. "குறுக்க வாரவன் கண்ணு முன்னால வாரான். பாத்து ஒதுங்கிக்கிடலாம். பின்னால வாரவன யாருளா பாப்பா? நீதான நிக்கச் சொன்ன? 'அக்கா வேல பாக்குத எடம், மானத்த வாங்கிராதல, சிவப்புக்கு நில்லு'ன்னு நீதான அவனுக்குச் சொன்ன? நின்னான். எங்க அவன்?"

ஜெனிலா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கிரேசி அசையவில்லை.

"நான் வந்த நாள்ல இருந்து ஒருத்தன் அடிபட்டிருக்கானா இங்கன? உன் கேமராவுல போய்ப் பாரு."

யாரும் அடிபடவில்லை. ஜெனிலாவுக்கு அது தெரியும். ஒரு மாதமாக இந்த விலக்கில் சின்னக் கீறல்கூட விழவில்லை என்று செல்வின் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டிருக்கிறான். அம்மா சொல்வது சரியோ என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே பயமாக இருந்தது.

அப்போதுதான் நேசக்குமாரின் ஸ்கூட்டர் வந்தது. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, என்ஜினையும் அணைத்துவிட்டார்.

"ஏங்க! போங்க! நிக்காதீங்க!" கிரேசியின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "பின்னால வாரான், போங்க!"

"நான் நிப்பேன், கிரேசி. நீ வந்து ஏறு."

"நிக்காதீங்க, நிக்காதீங்க..."

"நீ ஏறாம நான் போகப் போறதில்ல."

பின்னால் நிஜமாகவே வந்தது. உப்பு ஏற்றிய டிப்பர். ஹாரன் அலறியது. ஜெனிலா "அப்பா!" என்று கத்தினாள். நேசக்குமார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார் மனுஷன்.

கிரேசி ஓடிப்போய் ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் நடுவில் நின்றாள். இரண்டு கையையும் அகல விரித்தாள்.

டயர் கிறீச்சிட்டது. தார் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. லாரி ஆடிக் குலுங்கி நின்றபோது அதன் மூக்குக்கும் கிரேசியின் நெஞ்சுக்கும் ஒரு கை இடைவெளிதான் இருந்தது. மேலேயிருந்து உப்பு சரசரவென்று சரிந்து அவள் தலையிலும் தோளிலும் கொட்டியது.

"ஏ கெழவி! சாகுததுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் எகிறினான்.

கிரேசிக்கு அது காதில் விழவே இல்லை. லாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுட்டான்" என்றாள். "ஏங்க, இவன் நின்னுட்டாங்க."

"ஆமா கிரேசி."

"அப்போ அன்னைக்கும் நிக்க முடியும்தானே? நம்ம பிள்ள நின்ன அன்னைக்கும்... பிரேக்க மிதிச்சிருந்தா நிக்க முடியும்தானே?"

நேசக்குமார் திரும்பி அவளைப் பார்த்தார். "முடியும்" என்றார்.

அவ்வளவு நாளும் அழாதவள், சாலை நடுவில் நின்று வாய்விட்டு அழுதாள். ஜெனிலா ஓடிப்போய் அணைத்துக்கொண்டாள். விளக்கு பச்சையானது. டிரைவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. மகள் கைத்தாங்கலாகப் பிடிக்க, கிரேசி ஸ்கூட்டரில் ஏறி, கணவரின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தலையில் இருந்த உப்பைத் தட்டிவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"பைய போங்கப்பா. நான் பின்னாலயே வாரேன்."

ஸ்கூட்டர் முத்தையாபுரம் பக்கமாகப் போய் மறைந்தது. அம்மா பிழைத்தாள், ஜீப்பும் இன்னும் வரவில்லை என்று நினைத்து, ஜெனிலா கொஞ்சம் மூச்சு வாங்கலாமென்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிவப்பு மறுபடியும் விழுந்தது.

ஒரு பைக் வந்தது. வேகம் குறைந்தது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஜெனிலா நிற்கிறாள். அந்தப் பக்கம், அம்மா நின்ற இடத்தில், யாரும் இல்லை. பைக்காரன் அந்த வெறும் இடத்துப் பக்கமாகத் தலையைச் சாய்த்தான்.

"சரிம்மா" என்றான். போய்விட்டான்.

ஜெனிலா அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கதோஷம், தினமும் வருகிறவன், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது வண்டியும் வந்தது. அவனும் தலையைச் சாய்த்தான். அவனும் நிற்கவில்லை.

மூன்றாவதாக ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். டீச்சராக இருக்கலாம், முன்கொக்கியில் சாப்பாட்டுக் கூடை தொங்கியது. இந்த வழிக்குப் புதியவள்போல் தெரிந்தது. விளக்கைப் பார்த்தாள், ஒழுங்காகக் கோட்டுக்கு முன்னால் நின்றாள். ஜெனிலாவைப் பார்த்துச் சிநேகமாகச் சிரிக்கவும் செய்தாள்.

நின்னா நல்லதுதானே என்று நினைத்தாள் ஜெனிலா. இதற்காகத்தானே நாள் முழுக்கப் பொத்தானை அழுத்துகிறோம்?

அப்போது அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக, வளைவில் இன்னொரு டிப்பர் வந்தது. வேகம் குறையவில்லை. குறைகிறதா என்று ஜெனிலா பார்த்தாள். குறையும், அது நின்றதே, இதுவும் நிற்கும் என்று பார்த்தாள்.

குறையவே இல்லை.

"நிக்காதீங்க!" ஜெனிலா பாய்ந்து போய் அந்தப் பெண்ணின் காதருகே கத்தினாள். "பின்னால வாரான்! போங்க, போங்க!"

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை முறுக்கினாள். ஸ்கூட்டி விலக்கைக் கடந்து ஓரம் ஒதுங்கவும், டிப்பர் அவள் நின்ற இடத்தைத் தேய்த்துக்கொண்டு சிவப்பிலேயே பறக்கவும் சரியாக இருந்தது. அந்தக் காற்றில் ஜெனிலாவின் துப்பட்டா பிய்த்துக்கொண்டு போயிற்று.

மேலே கேமரா பளிச்சென்று வெட்டியது.

அவள் கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றாள். கைப்பையில் போன் அடித்தது. செல்வின்.

"ஜெனிலா, எங்க இருக்க? டீ குடிச்சிட்டு இப்பதான் வந்து பாக்கேன். அந்தப் பொம்பள இன்னைக்கும் வந்திருக்கா! இன்னைக்குச் சேல இல்ல, சுடிதாரு. இப்பதான் ஒரு ஸ்கூட்டிக்காரிய அனுப்பிவிட்டா, கண்ணால பாத்தேன். புதுக் கேமரா படம் வந்து சேர நேரமாவும், பழையதுல இந்த இருட்டுக்குள்ள நிறமும் முகமும் தெரிய மாட்டேங்கு. திரும்பட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். சரண்யாதேவி மேடத்துக்குச் சொல்லிட்டேன், ஜீப்பு கிட்ட வந்துட்டாம்."

ஜெனிலா போனைத் துண்டித்தாள். கூப்பிடு தூரத்தில்தான் அவள் வண்டி நின்றது. முகத்தை மூடிக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிடலாம்.

சாலையின் கோடியில் நீல விளக்குச் சுழன்று வந்தது. அதற்கு முன்னால், தலைக்கவசம் போட்டு, பக்கக் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், ஒரு பைக் சிவப்புக்கு வேகத்தைக் குறைத்தது.

ஜெனிலா இரண்டு எட்டு முன்னால் வைத்தாள்.